மெழுகு தோய்க்கும் கை

கார் வைத்திருப்போரிடையே அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. வண்டியின் வண்ணப்பூச்சைக் காக்கும் மெழுகுக் களிம்பைத் துணி கொண்டு கையால் தேய்ப்பது நல்லதா? சுழலும் பஞ்சுத் தட்டுப் பொருத்திய இயந்திரத்தால் தேய்ப்பது நல்லதா? இருபுறமும் நியாயம் இருக்கிறது. இயந்திரம் மெழுகை மெல்லிய படலமாக, எங்கும் ஒரே சீராகப் பரப்பும். நேரமும் தோள்வலியும் மிச்சமாகும். கையோ கதவுப் பிடியின் அடியையும் விளக்கின் ஓரத்தையும் அறியும். துணியில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் விரல் உடனே உணர்ந்து நின்றுவிடும். முடிவில் இரு வழியும் ஏறக்குறைய ஒரே பளபளப்பைத்தான் தருகின்றன. ஆகவே இது வசதியைப் பற்றிய கேள்வியே அன்றி, அறத்தைப் பற்றிய கேள்வி அன்று. ஏனெனில் இங்கே முடிவெடுப்பவரும், கை வலிக்கப்பெறுபவரும், பளபளப்பைக் கண்டு மகிழ்பவரும் ஒரே ஆள்.

இந்த மூவரும் வெவ்வேறு ஆட்களாகும்போது, அதே கேள்வி அறத்தின் கேள்வியாகிவிடுகிறது. நம் விருதுநகர் மாவட்டத்தில், சிவகாசியிலும் சாத்தூரிலும், எல்லைக்கு அப்பால் கோவில்பட்டியிலும், மெழுகைக் கையால் ஏற்றுவதா இயந்திரத்தால் ஏற்றுவதா என்ற கேள்வி நூறாண்டுகளாக நிற்கிறது. அங்கே மெழுகு ஏறுவது காரின் மேல் அன்று, தீக்குச்சியின் மேல்.

தீக்குச்சிக்கு மெழுகு எதற்கு என்று சிலர் வியக்கக்கூடும். குச்சியின் தலையிலுள்ள மருந்தில் பொட்டாசியம் குளோரேட்டு இருக்கிறது. பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரஸ் பூசப்பட்டிருக்கிறது. இரண்டும் உரசும்போது எழும் தீ நொடிப்பொழுதில் தீர்ந்துவிடும். அந்தத் தீயை வாங்கி மரத்திடம் ஒப்படைப்பது, குச்சியின் முனையில் ஏறியிருக்கும் பாரபின் மெழுகே. மெழுகு சரியாக ஏறாத குச்சி சீறும். ஆனால் நின்று எரியாது.

கைத்தொழில் முறையில் இது நடக்கும் விதத்தையும் அறிந்துகொள்ள வேண்டும். பள்ளங்கள் வெட்டிய மெல்லிய பலகைகளில் குச்சிகளை ஒவ்வொன்றாக அடுக்கி, அப்பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒரு சட்டமாக இறுக்குவர். ஒரு சட்டம் நிரம்ப இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குச்சிகள் வேண்டும். கூலி சட்டக் கணக்கில்தான். நிரம்பிய சட்டத்தை, அடியில் சூடேற்றிய தட்டிலுள்ள உருகிய மெழுகில் முதலில் தோய்ப்பர். பிறகு மருந்துக் குழம்பில் தோய்ப்பர். தோய்ப்பது பழகிய ஆண்களின் வேலை. சட்டம் சற்றே சாய்ந்தாலும் ஒரு பக்கம் மெழுகு மிகும், மறுபக்கம் குறையும். அனலையும் ஆவியையும் நெருங்கி நின்று செய்யவேண்டிய வேலை அது. அடுக்குவதோ விரல் நுண்மை வேண்டிய, ஆனால் மனத்துக்கு எதுவும் தராத வேலை.

இத்தொழில் இங்கே வந்த வரலாறு பலரும் அறிந்ததே. 1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று, 1923-இல் ஊர் திரும்பித் தொடங்கினார்கள். அதே 1923-ஆம் ஆண்டில்தான் சுவீடன் நாட்டு நிறுவனத்தின் கிளையாக 'விம்கோ' இந்தியாவில் தோன்றியது. ஒருபுறம் பெரும் இயந்திரங்கள்; மறுபுறம் வானம் பார்த்த கரிசல் பூமியின் கைகள். மழை பொய்த்தால் பருத்தியும் கம்பும் பொய்த்துப்போகும் இந்நிலத்தில், மழையின்மையே குச்சி உலர உதவியது. விவசாயத்தை மட்டும் நம்பி வாழ முடியாத குடும்பங்களுக்குத் 'தீப்பெட்டி ஆபீஸ்' அடுப்பெரிய வழி செய்தது. சுதந்திர இந்தியாவின் அரசும் கைத்தொழிலுக்குக் குறைந்த வரி, இயந்திரத் தொழிலுக்குக் கூடுதல் வரி என்று வகுத்து, பெரிய மீன் சிறிய மீனை விழுங்காதவாறு காத்தது.

இதுவரை சொன்னதைக் கேட்போர், 'அப்படியானால் கையே அறம், இயந்திரமே மறம்' என்று முடிவு கட்டிவிடக்கூடும். அங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். வரிச்சலுகை காத்த அந்தக் கைகளுள் எத்தனை கைகள் குழந்தைகளின் கைகள்! 1976-இல் தீப்பெட்டித் தொழிலுக்குச் சென்ற குழந்தைகள் பேருந்து விபத்தில் மாண்டபோதுதான், விடியுமுன் வண்டியேறிச் செல்லும் அந்தப் பிஞ்சுகளை நாடு திரும்பிப் பார்த்தது. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996 டிசம்பர் 10-ஆம் நாள், எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில், சட்டத்தை மீறி அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்தவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மதிய உணவளித்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஈர்த்த காமராசர் பிறந்த மண்ணிலேயே, பள்ளிக்குப் போகவேண்டிய விரல்கள் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தன. சிறிய விரல் விரைவாக அடுக்கும் என்று அதற்குக் காரணமும் சொல்லப்பட்டது. 'கைத்தொழில்' என்ற இனிய சொல்லுக்குள் எத்தகைய கசப்பும் ஒளிந்திருக்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அப்படியானால் இயந்திரமே மீட்பரா? அதுவும் அன்று. காலப்போக்கில் பகுதி இயந்திர முறையும், அண்மைக் காலத்தில் முழு இயந்திர முறையும் இங்கே பரவின. அடுக்குவதையும் மெழுகு தோய்ப்பதையும் மருந்து ஏற்றுவதையும் பெட்டியில் நிரப்புவதையும் ஒரே தொடராக இயந்திரம் செய்கிறது. 2017-இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது கைத்தொழிலுக்கு 5 விழுக்காடு, இயந்திரத்துக்கு 18 விழுக்காடு என்றிருந்த வேறுபாடு, 2020-இல் இருவருக்கும் 12 விழுக்காடு என்றாகி மறைந்தது. நிமிர்ந்து உட்கார முடியாத முதுகுகளும் வெந்த விரல்களும் குறைந்தன, அது நன்மையே. ஆனால் அந்த வேலையை இழந்த நாற்பது வயதுப் பெண் எங்கே போனாள்? இயந்திரம் மிச்சப்படுத்திய கூலி எங்கே போயிற்று? அவளுடைய களைப்பு நீங்கிற்று என்று நாம் மகிழும் வேளையில், அவளுடைய அடுப்பும் அணைந்திருக்குமானால், அதை விடுதலை என்று எப்படிச் சொல்வது?

ஆகவே 'கையா, இயந்திரமா' என்பது பாதிக் கேள்வியே. யாருடைய கை? யாருடைய இயந்திரம்? அதன் பலன் யாருக்கு? இவற்றைச் சேர்த்துக் கேட்டால்தான் கேள்வி முழுமை பெறும்.

இயந்திரங்களைக் கடுமையாக எதிர்த்தவர் என்று நாம் எண்ணும் காந்தியடிகள், 1924-இல் ஓர் உரையாடலில் தையல் இயந்திரத்துக்கு மட்டும் விலக்கு அளித்தார். அதற்கு அவர் கண்ட காரணம் சிந்திக்கத்தக்கது. தன் மனைவி ஊசியும் நூலுமாகப் படும் பாட்டைக் கண்டு சகியாமல் சிங்கர் அதை உருவாக்கினார். எனவே அந்த இயந்திரத்தின் பிறப்பிடம் அன்பு என்பது காந்தியடிகளின் எண்ணம். ஓர் இயந்திரத்தைச் சோதிக்க இதைவிட எளிய உரைகல் இல்லை. உழைப்பவரின் பாட்டைக் குறைக்க வந்ததா? அல்லது உழைப்பவரையே குறைக்க வந்ததா?

நம் அண்டை ஊரான தே. கல்லுப்பட்டியின் காந்தி நிகேதனில் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்த ஜே. சி. குமரப்பாவை இங்கே நினைவுகூர்வது பொருத்தம். தஞ்சையில் கிறிஸ்தவக் குடும்பத்தில் 1892-இல் பிறந்து, மேலைநாடுகளில் கணக்கியலும் பொருளியலும் கற்று, கிராமத் தொழில்களுக்காக வாழ்ந்து, 1960-இல் மறைந்த அப்பெரியார், 1945-இல் வெளிவந்த தம் நூலில் வேலையின் இயல்பை ஆராய்கிறார். ஒவ்வொரு வேலையிலும் சலிப்பூட்டும் பாடும், மனிதரை வளர்க்கும் ஆக்கமும் கலந்தே இருக்கின்றன. பாட்டை ஒருவர் தலையில் கட்டி, ஆக்கத்தையும் பலனையும் வேறொருவர் எடுத்துக்கொள்வதே சுரண்டலின் வேர். இந்த ஒளியில் பார்த்தால் குச்சி அடுக்கிய குழந்தைக்கு நேர்ந்தது விளங்கும். பாடு முழுவதும் அதற்கு. ஆக்கம் முழுவதும் பிறருக்கு.

திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1981 செப்டம்பர் 14-ஆம் நாள் வெளியிட்ட, மனித உழைப்பைப் பற்றிய சுற்றுமடலும் இதே இடத்தில்தான் விரல் வைக்கிறது. உழைப்பின் மதிப்பைச் செய்யப்படும் பொருளைக் கொண்டு அளக்காமல், செய்கின்ற ஆளைக் கொண்டு அளக்கவேண்டும் என்பது அதன் சாரம். தொழில்நுட்பம் மனிதரின் துணைவனாக நிற்கலாம். அவரை வேலையிலிருந்து விரட்டி, அவரையே தன் ஏவலாளாக்கினால் பகைவனாகவும் மாறலாம் என்று அது எச்சரிக்கிறது. நாசரேத்தூர்த் தச்சுப்பட்டறையில் உளியும் இழைப்புளியும் இருந்திருக்கும். அவை தச்சரின் கையை நீட்டித்தனவேயன்றி, தச்சரை வெளியே தள்ளவில்லை.

இவற்றிலிருந்து நடைமுறைக்கு உரிய மூன்று நெறிகளைத் தேறலாம். முதலாவது: உடலைக் கெடுக்கும் வேலையையும், மனத்தை மழுங்கச் செய்யும் வேலையையும் இயந்திரத்திடம் ஒப்படைக்கத் தயங்கவேண்டியதில்லை. கொதிக்கும் மெழுகின் ஆவியை ஒரு மனிதர் சுவாசித்தே ஆகவேண்டும் என்று எந்த அறமும் கட்டளையிடவில்லை. இரண்டாவது: இயந்திரம் மிச்சப்படுத்தும் பணத்தில் வேலையிழந்தோருக்கும் பங்கு உண்டு. மாற்றுப் பயிற்சியோ, அதே ஆலையில் வேறு பணியோ, பிள்ளைகளின் படிப்புக்குத் துணையோ, அது எவ்வடிவிலும் அமையலாம். ஆனால் அதைத் தர்மம் என்று சொல்லாமல் நீதி என்று சொல்லவேண்டும். இந்தத் தொழிலை எழுப்பியவை அவர்கள் கைகளே. மூன்றாவது: கவனமே காப்பாக இருக்கும் வேலையில், விரைவை ஒருபோதும் முதலில் வைக்கலாகாது. பட்டாசுத் தொழிலில் இதன் பொருள் உயிர். ஓர் அறையில் இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்று விதி வகுத்திருப்பது எதற்காக? 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை இப்பகுதி மறக்கவில்லை. கையாயினும் இயந்திரமாயினும், தீபாவளி நெருங்குகிறது என்ற அவசரத்துக்கு முன் இரண்டும் ஒன்றே.

'இதெல்லாம் சொல்ல எளிது. சிறு முதலாளி என்ன செய்வார்?' என்று கேட்போரின் கேள்வியிலும் நியாயம் உண்டு. மெழுகும் அட்டையும் மருந்தும் விலையேறிக்கொண்டே இருக்க, 2007-இல் ஒரு ரூபாயான தீப்பெட்டி 2021 டிசம்பர் மாதத்தில்தான் இரண்டு ரூபாயாயிற்று. பதினான்கு ஆண்டுகள்! இதற்கிடையே பிளாஸ்டிக் லைட்டரும் கடைகளை நிறைத்தது. கையை நம்பினால் நட்டம், இயந்திரம் வாங்கினால் கடன் என்ற நிலையில் தவிக்கும் சிறு உரிமையாளரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமன்று. அந்தப் பதினான்கு ஆண்டுகள் மலிவு விலைக்குத் தீப்பெட்டி வாங்கியவர்கள் நாம் அனைவரும். விலை உயராததன் சுமை எங்கோ ஒருவர் முதுகில் இறங்கியிருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்த்தோமா? முடிவெடுப்பவர் முதலாளி மட்டும் அல்லர், வாங்குபவரும் முடிவெடுப்பவரே.

இறைமக்களுள் பலர் இத்தொழிலில் கூலி பெறுகிறார்கள். சிலர் கூலி கொடுக்கிறார்கள். எல்லாரும் தீப்பெட்டி வாங்குகிறார்கள். மே முதல் நாளில் உழைப்பாளரான புனித சூசையப்பருக்கு விழா எடுக்கும் நாம், அந்நாளில் ஆலையிலும் இல்லத்திலும் கேட்டுப் பார்க்கத்தக்க கேள்விகள் இவை. புதிய இயந்திரம் வாங்க எண்ணுவோர், கடன் கணக்கைப் பார்ப்பதற்கு முன், வேலை இழக்கப் போகிறவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பார்க்கட்டும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'இவருக்கு என்ன வழி' என்று ஒரு வரி எழுத முடியுமானால், இயந்திரம் வரட்டும், நல்லதே செய்யும். எழுத முடியாவிட்டால், எழுத முடியும் நாள் வரை சற்றுப் பொறுக்கட்டும்.