கூடும் உரிமை யாருடையது?

மாலை ஏழு மணி. கள்ளிக்குப்பத்துத் தெருவொன்றைக் கற்பனை செய்து பார்ப்போம். ஒரு பட்டறையில் லேத் சுழல்கிறது. இரும்புச் சுருள் உதிர்கிறது. அடுத்த பட்டறையில் வெல்டிங் பொறி பறக்கிறது. வீடுகளிலோ விளக்கு, விசிறி, தொலைக்காட்சி அனைத்தும் ஒரே வேளையில் விழித்தெழுகின்றன. மேற்கே கதிரவன் மறைந்துவிட்டான். அவன் ஒளியில் பிறந்த மின்சாரமும் மறைந்துவிட்டது. தேவை ஏறும் நேரம் அது. விலை ஏறும் நேரமும் அதுவே.

அந்த வேளையில் பட்டறைக்காரர் ஒருவர் முன்வந்து, "ஒரு மணி நேரம் என் இயந்திரத்தை நிறுத்தி வைக்கிறேன். நான் விட்டுக்கொடுக்கும் மின்சாரத்தை வேறொருவருக்குத் தாருங்கள், விட்டுக்கொடுத்ததற்கு உரிய விலையை எனக்குத் தாருங்கள்" என்று கேட்டால், என்ன விடை கிடைக்கும்? விடை கிடைக்காது, ஏளனப் புன்னகை கிடைக்கும். அவருடைய இணைப்பு 15 கிலோவாட். கோடிக்கணக்கில் கொடுக்கல் வாங்கல் நடக்கும் மின்சந்தையில் 15 கிலோவாட்டுக்காரரின் குரல் யார் செவியில் விழும்?

சரி, தனியொருவர் கேட்டால் விழாது. அதே தெருவில் பத்துப் பேர் கூடிக் கேட்டால்? வட்டாரத்தில் நூறு பேர் கூடிக் கேட்டால்? அப்போது 15 என்பது 1500 ஆகிறது. சிறு ஆலையொன்றின் தேவைக்கு ஈடாகிறது. உற்பத்தி செய்யப்படும் ஒரு கிலோவாட்டும், தேவையான வேளையில் விட்டுக்கொடுக்கப்படும் ஒரு கிலோவாட்டும் மின்பாதையின் சமநிலைக்கு ஒன்றேதான். இப்படிப் பலருடைய சிறு அளவுகளை ஒன்று திரட்டி, அவர்கள் சார்பில் சந்தையில் நின்று பேசுபவரை மின் திரட்டுநர் என்று அழைக்கலாம்.

தத்துவம் எளிது. தடை எங்கே இருக்கிறது? கம்பியில் இல்லை, கருவியில் இல்லை, சட்டத்தில் இருக்கிறது. ஆகவே நாம் எழுப்பும் கேள்வி மின்பொறியாளருக்கு உரியது மட்டுமன்று. எளியவர் ஒன்றுகூடுவது அவர்களுடைய உரிமையா, அல்லது வலியவர் மனமிரங்கி வழங்கும் சலுகையா? இது அறத்தைப் பற்றிய கேள்வி.

ஐரோப்பாவைப் பாருங்கள். பிரெஞ்சு நாட்டில் வோல்டாலிஸ் என்றொரு நிறுவனம், வீடுகளின் மின்வெப்பக் கருவிகளைச் சில நிமிடங்கள் நிறுத்தி, அந்த மிச்சத்தைத் திரட்டி விற்க முன்வந்தது. "அந்த வீடுகளுக்காக நாங்கள் முன்கூட்டியே மின்சாரத்துக்கு ஏற்பாடு செய்திருக்கிறோமே, எங்கள் பொருளை இவர்கள் விற்பதா?" என்று வழங்குநர்கள் கேட்டனர். 2009இல் அந்நாட்டு ஒழுங்காணையம், திரட்டுநர் வழங்குநருக்கு ஈடு தரவேண்டும் என்றது. 2011இல் உச்ச நிர்வாக நீதிமன்றம் அந்த முடிவை நீக்கியது. 2013இல் நாடாளுமன்றம், ஈடு தரவேண்டும் என்று சட்டமே இயற்றியது. சில நிமிட மின்சாரத்துக்காக நான்காண்டு வழக்காட்டம்!

2019இல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு நெறியாணை பிறப்பித்தது. நுகர்வோர், தம் மின் வழங்குநரின் இசைவைக் கேட்காமலே, தாம் விரும்பும் திரட்டுநருடன் ஒப்பந்தம் செய்யலாம் என்றது அது. உறுப்பு நாடுகள் 2020 முடிவதற்குள் அதைத் தத்தம் சட்டமாக்க வேண்டும் என்றும் கெடு வைத்தது. ஆயினும், 2023இல் ஒன்றியத்தின் எரிசக்தி ஒழுங்காளர் அமைப்பே ஆராய்ந்து பார்த்து, பல நாடுகளில் தடைகள் நீங்கவில்லை என்று அறிக்கை தந்தது. உரிமை ஏட்டில் ஏறியது, நாட்டில் இறங்கவில்லை.

வழங்குநரின் இசைவு என்ற அந்த நிபந்தனையைச் சற்று எண்ணிப் பாருங்கள். எவருடைய வருவாய் குறையுமோ, அவரிடமே சென்று அனுமதி பெற்று வா என்பதா உரிமை? கூண்டுக்காரனிடம் கேட்டுவிட்டுப் பறக்கலாம் என்று கிளிக்குச் சொல்வதா விடுதலை?

இந்த வாதம் நமக்குப் புதிதன்று. அம்பத்தூரில் இரயிலேறிக் கிழக்கே சில நிலையங்கள் சென்றால் பெரம்பூர். அங்கே பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் எழுந்தது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணை நின்றார். 1920இல் தகராறு முற்றியபோது ஆலை முதலாளிகள் உயர்நீதிமன்றம் சென்றனர். அவர்கள் வைத்த வாதம் என்ன? "எங்களுக்கும் தொழிலாளிக்கும் ஒப்பந்தம் இருக்கிறது. இடையில் நுழைந்து அதை மீறத் தூண்டுகிறார் இந்த மூன்றாமவர்!" நீதிமன்றம் தடையாணை தந்தது. இறுதியில் வாடியா சங்கத் தொடர்பை விட்டு விலக நேர்ந்தது. ஒருவன் தனியே சென்று கூலி உயர்வு கேட்டால் அது விண்ணப்பம். ஆயிரவர் கூடிக் கேட்டால் அது குற்றம்! அந்த அநீதியை மாற்ற 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் வரவேண்டியிருந்தது. ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார் என்று சங்கத்தார் மீது வழக்குத் தொடுப்பதற்கு அந்தச் சட்டத்தின் 18ஆம் பிரிவு தடை போட்டது.

தொழிலாளியின் கூலியும் பட்டறையின் கிலோவாட்டும் ஒன்றல்ல, அறிவோம். ஆனால், 'இடையில் நுழையும் மூன்றாமவர்' என்ற பழி அன்றும் இன்றும் ஒரே நாவிலிருந்துதான் பிறக்கிறது.

நம் நாட்டின் நிலை என்ன? 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் 'திறந்த அணுகல்' என்ற வாயிலைத் திறந்தது. விரும்பிய இடத்தில் மின்சாரம் வாங்கலாம்; ஆனால், 1 மெகாவாட்டுக்கு மேல் தேவையுள்ளோர்க்கே அது உறுதியாக்கப்பட்டது. 2022இல் பசுமை மின்சாரத்துக்கு அந்த எல்லையை 100 கிலோவாட்டாகக் குறைத்தார்கள். நல்லது, வரவேற்கிறோம். 2023இல் மேலும் ஒரு திருத்தம்: ஒரே மின் கோட்டத்துக்குள் பல இணைப்புகளைச் சேர்த்து 100 கிலோவாட் ஆனாலும் போதும் என்றார்கள். ஆகா, கூடும் உரிமை வந்துவிட்டது என்று எண்ணுகிறீர்களா? விதியின் சொற்களை நிறுத்திப் படியுங்கள். பல இணைப்புகளை உடைய நுகர்வோரைப் பற்றித்தான் அது பேசுகிறது. பத்துக் கட்டடம் வைத்திருக்கும் ஒருவர் தம்மைத் தாமே கூட்டிக்கொள்ளலாம். ஆளுக்கொரு பட்டறை வைத்திருக்கும் பத்துப் பேருக்கு அந்தச் சொற்களில் இடமில்லை.

அமெரிக்காவில் 2020இல் கூட்டரசின் எரிசக்தி ஒழுங்காணையம் ஓர் ஆணை பிறப்பித்தது. சிறு மின்வளங்களைத் திரட்டி மொத்தச் சந்தைக்கு வருவோர்க்குக் குறைந்தபட்ச அளவு 100 கிலோவாட்டுக்கு மேல் இருக்கலாகாது என்றது. அது விற்பதற்கான விதி. நம்முடையது வாங்குவதற்கான விதி. எண் மட்டும் ஒன்று. ஆனால், அங்கே 100 என்பது கூட்டத்தின் அளவு. இங்கே 100 என்பது தனியாளின் அளவு. எண்ணில் ஒற்றுமை, எண்ணத்தில் எத்துணை வேற்றுமை!

கூட்டாக ஆலை வைத்துத் தமக்குத் தாமே மின்சாரம் ஆக்கிக்கொள்ள வழியிருக்கிறதே என்பர். இருக்கிறது. 2005ஆம் ஆண்டு விதிப்படி, 26 விழுக்காடு உடைமையும் 51 விழுக்காடு நுகர்வும் கூட்டாளிகளுடையதாக இருக்கவேண்டும். அதாவது, முதல் போடுபவர் கூடலாம். மிச்சப்படுத்துவதை மட்டுமே முதலாக உடையவர்? அவருக்காகப் பேசும் திரட்டுநர் என்பாருக்கு, 2003ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பட்டபோது அதன் விளக்கப் பகுதியில் ஒரு பெயர்கூடக் கிடைக்கவில்லை. பெயரில்லாதவனுக்கு உரிமை ஏது?

எதிர்வாதத்தையும் கேட்போம், கேட்காதவன் பகுத்தறிவாளன் அல்லன்.

"நிறுத்துகிறேன் என்று சொல்லி நிறுத்தாமல் போனால் மின்பாதை தடுமாறுமே?" உண்மை. ஆகவே, சொன்ன சொல் தவறினால் அதன் செலவைத் திரட்டுநரே ஏற்கவேண்டும். ஐரோப்பிய நெறியாணையும் அந்தப் பொறுப்பை அவர்மீதே வைக்கிறது. பொறுப்பில்லாத உரிமையை நாம் கேட்கவில்லை.

"வழங்குநருக்கு இழப்பு வருமே?" மெய்யான இழப்பாயின் கணக்கிட்டுத் தரலாம். ஆனால், மிச்சத்தால் எல்லோர்க்கும் விளையும் ஆதாயத்தையும் அதே கணக்கில் எழுதுங்கள். ஒரு பக்கம் மட்டும் எழுதிய பேரேட்டைக் கணக்கென்று யார் ஒப்புவார்?

மூன்றாவது வாதமே வலிமையானது. 1957இல் தோன்றிய தமிழ்நாடு மின்சார வாரியமும், இன்று அதன் வழிவந்து வழங்கல் பணியாற்றும் அரசு நிறுவனமும் இலாபக் கடை மட்டுமல்ல. குடிசைக்கு விளக்கும் உழவனின் மோட்டாருக்கு மின்சாரமும் தந்தவை. 2016இல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 அலகு கட்டணமின்றித் தரத் தொடங்கினார்கள். அந்தச் சுமையில் ஒரு பங்கைத் தொழிற்சாலைகள் செலுத்தும் உயர்ந்த கட்டணம் தாங்குகிறது. கொழுத்தவரெல்லாம் வெளியேறிவிட்டால் குடிசை விளக்கை யார் எரிப்பது? இந்தக் கேள்வியை நாம் தலைவணங்கி ஏற்கிறோம். ஆயினும், வெளியேறும் வாயில் கொழுத்தவருக்குத்தான் முதலில் திறந்தது என்பதை மறக்கலாமா? 1 மெகாவாட்டுக்காரருக்கு வழிவிட்ட பின், 15 கிலோவாட்டுக்காரரிடம் சமுதாயக் கடமையைப் போதிப்பது எந்த நீதி? மேலும், அவர் வெளியேறக் கேட்கவில்லை. வாரியத்தின் நெருக்கடி வேளையில் தோள் கொடுக்கக் கேட்கிறார். 2012இன் மின்வெட்டு நாட்களில் அவர் இயந்திரம் காசில்லாமல் நின்றது, கட்டளைக்குப் பணிந்து. இனி உடன்பாட்டால், உரிய விலைக்கு நிற்கட்டும் என்கிறோம்.

இறுதியாக, நம் பக்கத்தாரிடமும் ஒரு கேள்வி. லேத் ஒரு மணி நேரம் நின்றால், அதன் முன் நிற்கும் தொழிலாளியின் அந்த ஒரு மணிக் கூலி என்னாவது? திரட்டுநருக்குத் தரகு, பட்டறைக்காரருக்கு விலை, தொழிலாளிக்குக் கைவிரிப்பு என்றால், அது பழைய அநீதிக்குப் புதிய மின்விளக்கு. கூடும் உரிமை மேல்படியில் நின்றுவிடக் கூடாது; கடைசிப் படிவரை இறங்கவேண்டும். மிச்சத்தின் விலையில் அவருடைய பங்கும் ஒப்பந்தத்தில் எழுதப்படவேண்டும்.

இளைஞர்களே! கட்டண அட்டவணையையும் விதித் திருத்தத்தையும் வறண்ட ஏடு என்று ஒதுக்காதீர்கள். முன்பு சாத்திரத்தின் பெயரால் வாயில் மூடப்பட்டது. ஏன் என்று கேட்டோம். இன்று எண்ணின் பெயரால் மூடப்படுகிறது; அதையும் ஏன் என்று கேட்போம். 100 என்று எழுதியிருந்தால், யாருடைய 100 என்று கேளுங்கள். தனியொருவரின் நூறா, பலர் கூடிய நூறா? அந்த ஒரு சொல்லில்தான் கள்ளிக்குப்பத்துப் பட்டறையின் உரிமை அடங்கியிருக்கிறது.