வந்தியின் பங்கு

வைகை பெருகிக் கரை உடைந்தபோது, வீட்டுக்கு ஓர் ஆள் வந்து தத்தம் பங்குக் கரையை அடைக்க வேண்டும் என்று பாண்டிய மன்னன் ஆணையிட்டான். பிட்டு விற்றுச் சீவித்த வந்தி என்னும் மூதாட்டிக்கு அனுப்ப ஆளில்லை, கூலிக்குப் பொருளுமில்லை. பிட்டே கூலி என்று இசைந்து சோமசுந்தரப் பெருமான் மண் சுமக்க வந்தார். வந்தவர் வேலை செய்தாரா என்றால் இல்லை. பிட்டை உண்டார், ஆடினார், பாடினார், படுத்துறங்கினார். அவர் முதுகில் விழுந்த பிரம்படி மன்னன் முதல் எல்லா உயிர்கள் மேலும் பட்டது. பரஞ்சோதி முனிவர் பாடிய இத்திருவிளையாடலை ஆவணி மூலத்தன்று கேட்டு, இறைவனின் எளிமையை வியந்து வீடு திரும்புவது வழக்கம். ஆனால் அக்கதையின் நடுவே ஓர் ஊர்ச் சங்கத்தின் பிரச்சினை அப்படியே கிடக்கிறது. எத்தனை பேர் தம் பங்கை உறுதியாக அடைத்தாலும், ஒரு பங்கு திறந்து கிடந்தால் வெள்ளம் அவ்வழியே எல்லார் வீட்டுக்குள்ளும் வரும்.

கோமாரி போன்ற கடற்கரைக் கிராமங்களில் சங்கங்களுக்குக் குறைவில்லை. கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், மீனவர் சங்கம், மரணாதாரச் சங்கம், ஆலய பரிபாலன சபை என்று பெயர்ப் பலகைகள் பல. உள்ளே இருப்பவர்கள் மட்டும் அதே ஏழெட்டுப் பேர்தாம். இங்கே தலைவராயிருப்பவர் அங்கே பொருளாளர். நான்கு மணிக்கென்று அறிவித்த பொதுக்கூட்டம் ஆறு மணிக்கும் ஆள் சேராமல் ஒத்திவைக்கப்படும். பொருளாளர் தம் சொந்தச் சைக்கிளில் வீடு வீடாகப் போவார். “நாளைக்கு வாங்களன் அண்ணன்” என்ற பதிலோடு திரும்புவார். கேட்கப்படும் சந்தாவோ இரண்டு மூன்று தேநீரின் விலை.

இதே ஊர் மக்கள் கருமிகளா? கதிர்காமப் பாதயாத்திரை அடியார்கள் திருக்கோவில் கடந்து, கோமாரி வழியாகப் பொத்துவில், உகந்தை என்று நடந்துபோகும் நாட்களில் பார்க்க வேண்டும். அரிசி கேட்காமலே வருகிறது, காய்கறி வருகிறது, சமைக்கக் கைகள் போட்டியிடுகின்றன. அடியாருக்கு இட்ட சோற்றில் யார் பங்கு எவ்வளவு என்று எவரும் அளப்பதில்லை. சங்கக் கட்டடத்துக்கு வெள்ளையடிக்க வேண்டுமென்றால்தான் அளவுகோல் வெளியே வருகிறது. “அவன் வந்தானா? அவன் வராதபோது நான் ஏன் வரவேண்டும்?” அடியார் நாளைக்குப் போய்விடுவார். அயலவன் நாளைக்கும் எதிர்வீட்டில் இருப்பான். தொண்டில் தோன்றாத கணக்கு பங்கில் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்போலும்.

2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் வந்தது. அன்று யாரும் யாரிடமும் பற்றுச்சீட்டுக் கேட்கவில்லை. உலையேற்ற முடிந்தவர் உலையேற்றினார். பின்னர் நிறுவனங்கள் வந்தன. நிவாரணம் பெற வங்கிக் கணக்குள்ள சங்கம் தேவைப்பட்டது, சங்கங்கள் முளைத்தன. வேலைக்குக் காசு என்னும் திட்டத்தில் சொந்த ஊரைத் துப்புரவாக்கவும் நாட்கூலி கிடைத்தது. எல்லாம் இழந்து நின்றவர்களுக்கு அது வேண்டியிருந்தது. அதைக் குறைசொல்வது பாவம். ஆனால் அதன்பின் சிரமதானத்துக்கு அழைத்தால் “எவ்வளவு தருவார்கள்?” என்ற கேள்வி எழலாயிற்று. நிறுவனங்கள் போனதும் பல இடங்களில் சங்கத்தின் பெயர்ப் பலகைதான் மிஞ்சியது.

கட்டாயப்படுத்தினால் என்ன? ஆங்கிலேயர் அதையும் செய்து பார்த்தனர். ஏரி, கால்வாய்களை ஊராரே செப்பனிடும் குடிமராமத்து வழக்கம் தளர்ந்தபோது, சென்னை மாகாணத்தில் 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. இலங்கையிலும் அதற்கு ஈராண்டு முன், 1856இல், நெற்காணி நீர்ப்பாசனத்தின் பழைய ஊர் வழக்கங்களை மீட்க ஒரு சட்டம் இயற்றப்பட்டது. நம் பகுதி வயல்களில் வட்டைவிதானைக்குப் பயந்தாவது வாய்க்கால் வெட்டப்பட்டது. ஊர்ச் சங்கத்தின் கையில் பிரம்பில்லை. அதனிடம் உள்ள ஒரே தண்டனை, தருவதைத் தராமல் விடுவது.

அது எவ்வளவு கொடிய தண்டனை என்பது மரணாதாரச் சங்கத்தில்தான் தெரியும். மூன்று வருடம் சந்தா கட்டாதவர் இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். நிலுவைக்காரருக்கு உதவியில்லை என்கிறது யாப்பு. இரவோடிரவாக நிருவாகம் கூடுகிறது. “அப்பம் சுட்டு விற்கும் கிழவி இருபது வருடமாக ஒரு மாதமும் தவறாமல் கட்டுகிறாளே, அவளுக்கு என்ன பதில்?” என்கிறார் ஒருவர். “பிணம் கிடக்கும்போதா கணக்குப் பார்ப்பது?” என்கிறார் மற்றவர். இரண்டும் தருமமே. உதவி கொடுத்தால் அடுத்த மாதம் கட்டுபவர் குறைவார். கொடாவிட்டால், தவறு செய்தவர் போய்விட்டார். தண்டனையைச் சுமப்பவர்கள் மனைவியும் பிள்ளைகளும்.

இங்கே பொருளையும் பணத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கதிரையும் படங்கும் அந்த வீட்டுக்குப் போய் வருவதால் தேய்ந்துவிடா. குழி வெட்டும் கைகளோ சங்கம் தோன்றுமுன்பே அயலவனுக்குக் கடன்பட்டவை. அவற்றை மறுக்க யாப்புக்கு உரிமையில்லை. பணம் வேறு. அது அப்பக் கிழவி போன்றோர் நம்பிக் கொடுத்தது. அதை எடுத்துத் தாராளம் காட்ட நிருவாகத்துக்கு அதிகாரமில்லை. மனம் இளகியவர் தம் மடியிலிருந்து கொடுக்கட்டும். அதைப் பதிவுப் புத்தகத்தில் எழுதவும் வேண்டாம்.

உண்மையில் பிழை அந்த இரவுக்கு மூன்று வருடம் முன்பே நடந்துவிட்டது. முதல் மூன்று மாதம் சந்தா வராதபோது, கேட்கப் போகாமல் விசாரிக்கப் போயிருந்தால், அவர் இயலாதவரா மனமில்லாதவரா என்பது தெரிந்திருக்கும். மோட்டார் சைக்கிள் வாங்கியும் சந்தா கட்டாதவரை ஊரே அறியும். வள்ளம் பழுதாகிக் கடலுக்குப் போகாதவர் வெட்கத்தால் வாய் திறக்கமாட்டார்.

கட்டாதவர்கள் சொல்லும் நியாயம் ஒன்றுண்டு: “கணக்கைக் காட்டட்டும், பிறகு தருகிறோம்.” பெரும்பாலும் இது சாட்டு. சில வேளைகளில் உண்மை. சம்பளமின்றி உழைப்பவருக்கு வரும் பெரிய நோய், “என்னிடமா கணக்குக் கேட்கிறாய்?” என்ற கோபம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவர் உறவினரையும் குடவோலைக்கே விலக்கி வைத்தன. ஊருக்கு உழைத்தவர் என்று அங்கே சலுகை இல்லை.

வந்திக்கு மகனில்லை என்பதை அரசனின் ஏவலர் விசாரிக்கவில்லை. பங்கு அடைபடவில்லை என்பதை மட்டுமே கண்டார்கள். தம் பங்கை முடித்து வெறுங் கூடையோடு நின்றவர்கள் அன்று கரையில் பலர் இருந்திருப்பார்கள். அவர்களில் ஒருவரேனும் அவள் பங்கில் ஒரு கூடை மண் போட்டதாகக் கதையில் இல்லை.