அன்னாவைக் கேட்கவில்லை

2015இல் வெளிவந்த 'விட்சர் 3' வீடியோ கேமில் பிடித்த கட்டம் எது என்று கேட்டால், பலரும் 'ரத்தப் பிரபு'வின் கதையைச் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

குடித்துவிட்டு மனைவி அன்னாவை அடிப்பவன் அந்தப் பிரபு. அவளும் மகள் தமாராவும் ஓடிவிடுகிறார்கள். அவர்களைத் தேடுவது, அரக்க வேட்டைக்காரன் கெரால்ட்டாக விளையாடும் நம் வேலை. பிரபு நம்மிடம் போரையும் தனிமையையும் சொல்லி வருந்துகிறான். கருவிலேயே இறந்த சிசுவுக்குப் பெயரிட்டுப் புதைக்கிறான். நம் மனம் இளகுகிறது. அன்னாவுக்கு அவ்வளவு நேரம் பேசக் கிடைப்பதில்லை.

அநாதைக் குழந்தைகளைக் காப்பாற்றும் வழியில் போனால் அன்னா இறந்துபோகிறாள். மறுவழியில் புத்தி பேதலித்து, அதே கணவனோடு தொலைதூர மலைக்கு வைத்தியத்துக்குப் போகிறாள். அவன் திருந்திவிட்டானே என்று அன்று நான் நிம்மதியடைந்தேன்.

இன்று அந்த நிம்மதிதான் உறுத்துகிறது. அவன் வருத்தம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் மன்னிப்பதும் மன்னிக்க மறுப்பதும் அடிபட்டவளின் உரிமை. அவள் பேச முடியாத நிலையில் இருந்தபோது, அவள் சார்பில் நான் மன்னித்துவிட்டேன். "பாவம், திருந்திட்டான், சேர்ந்து வாழும்மா" என்று சொல்லும் உறவினர்களும் இதைத்தானே செய்கிறார்கள்?