ஆற்றலுக்கேற்ற துறவு

சூரியன் மறையுமுன் உண்டு முடிப்பது நம் குலமரபு. ஆயினும் இன்று நம் இல்லங்கள் சிலவற்றில், ஒரு சிறு உறக்க மாத்திரைக்காக இரவு பத்து மணிக்குத் தண்ணீர்ச் செம்பு எடுக்கப்படுகிறது. தோல் பதனிடும் தொழிலை நாம் அறங்கருதி விலக்கினோம். ஆனால் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை என அத்தொழிலால் இயங்கும் ஊர்களில் வாழும் நம்மவரை, அவ்வூர்களின் ஓய்வின்மையும் கவலையும் விலக்கிவிடவில்லை.

எம் உறவினரான மூதாட்டியார் ஒருவர் பல்லாண்டுகளாக அம்மாத்திரையை உட்கொண்டு வந்தார். ஒரு தசலட்சணப் பருவத்தில் உணவோடு அதனையும் ஒரே நாளில் துறந்தார். நாமெல்லோரும் அவர் மனவுறுதியைப் புகழ்ந்தோம். மூன்றாம் நாள் அவருக்கு வலிப்பு கண்டது. உயிர் பிழைத்தார். எனினும் அன்று நாம் கூறிய புகழுரை இன்றும் எம் நெஞ்சை உறுத்துகிறது.

அவர் துறந்தது தவறா? அன்று; துறந்த முறையே தவறு. டயஸிபாம், அல்பிரஸோலம் முதலிய மருந்துகள் மூளையின் கிளர்ச்சியைத் தணிக்கும் 'காபா' என்னும் பொருளின் செயலை மிகுவிக்கின்றன. சில வாரங்கள் தொடர்ந்து உட்கொண்டாலே மூளை அத்துணைக்குப் பழகிவிடக்கூடும். திடீரென நிறுத்தினால் நடுக்கமும் பேரச்சமும் உறக்கமின்மையும் தோன்றும். சிலருக்கு உயிருக்கே இடர் நேரும். இதனை மதுவைப் போன்ற வியசனம் என்று எண்ணி நோயாளியை இகழ்வது அறியாமை.

ஆயினும் நம் பொறுப்பு நீங்கிவிடாது. 2014 மார்ச் முதல் இம்மருந்துகள் எச்-1 அட்டவணையில் உள்ளன. மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் மருந்துக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி, அதனை மூன்றாண்டுகள் காத்தல் வேண்டும். பழைய சீட்டைக் காட்டியும் பழக்கத்தைச் சொல்லியும் மாத்திரை கேட்பது அக்காவலை நாமே உடைப்பதாகும்.

பிரமாதத்தால், அதாவது விழிப்பின்மையால், உயிருக்கு ஊறு செய்வதே இம்சை என்பது நம் ஆகமம். தன்னுயிரும் உயிரே. எண்ணாமல் விழுங்குவது பிரமாதம் என்றால், எண்ணாமல் எறிவதும் பிரமாதமே. தீர்த்தங்கர நிலைக்கு வித்தாகும் பதினாறு பாவனைகளுள் தியாகமும் தவமும் ஆற்றலுக்கேற்பவே சொல்லப்பட்டுள்ளன. இல்லறத்தார்க்கு வகுத்த நிலைகளும் பதினொன்று. ஒரே தாவலில் எவரும் பதினொன்றாம் நிலையை எய்துவதில்லை.

மருத்துவ அனுபவமும் இதையே காட்டுகிறது. இங்கிலாந்தில் நியூகாசில் நகரில் 1982 முதல் 1994 வரை இதற்கெனச் சிகிச்சையகம் நடத்திய பேராசிரியை ஹெதர் ஆஷ்டன், அவரவர் உடல்நிலைக்கேற்பப் பல மாதங்களில் சிறிது சிறிதாக அளவைக் குறைக்கும் முறையை வகுத்தார். வேலூர் பாகாயத்தில் உள்ள கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமோ, நோயாளியுடன் குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்கேற்கும் முறைக்குப் பெயர் பெற்றது. மீட்சி என்பது தனியொருவர் சுமையன்று எனும் பாடம் இதிலுண்டு.

ஆகவே உபவாசம் ஏற்குமுன், உட்கொள்ளும் மாத்திரையை மருத்துவரிடமும் குடும்பத்தாரிடமும் மறைக்காமல் கூறுவோம். அவர் வகுக்கும் அளவில், அவர் குறிக்கும் காலத்தில் குறைப்போம். குறைந்த ஒவ்வொரு கால் மாத்திரையையும் ஒரு விரதம் நிறைவேறியதாகவே வீட்டார் போற்றுவோம். நம் புகழுரைக்கு உரியது அதுவே.