எரிந்த பெஞ்சுகளின் கணக்கு

பள்ளிக்கூடத்தில் தீ என்று கேட்டதும் தமிழ்நாட்டில் யாருக்கும் கும்பகோணம்தான் நெஞ்சில் வந்து நிற்கும். 2004 ஜூலை 16, ஸ்ரீ கிருஷ்ணா பள்ளி, 94 குழந்தைகள். பாப்பாரப்பட்டி பக்கம் ஒரு சின்னப் பள்ளியில் இரவு நேரத்தில் தீப்பிடித்து வகுப்பறைகளும் ஆபீஸ் அறையும் எரிந்தபோது, ஓடிவந்த தாய்மார்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "ராத்திரியாச்சே, பிள்ளைங்க யாரும் உள்ளே இல்லையே, அந்த மட்டும் சாமி காப்பாத்துச்சு." நானும் அவர்களோடு நின்று கும்பிட்டேன்.

மறுநாள் காலையிலேயே அந்தப் பேச்சு மாறிவிட்டது. "எல்லாம் விதி" என்றார்கள். பள்ளிக்குத் தீக்காப்பீடு இருந்ததால் இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் போய், சர்வேயர் வந்தார். கருகிய கைமரங்களையும் வெடித்துக் கிடந்த ஓட்டு வில்லைகளையும் பார்த்துக்கொண்டே அவர் கேட்ட முதல் கேள்வி, "சுவிட்ச் போர்டு எந்தச் சுவரில் இருந்தது?" பழைய ஒயரைக் காட்டினோம். படம் எடுத்தார், எழுதிக்கொண்டார். அந்த மனிதர் விதியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அன்று அங்கே கூடியிருந்தவர்களில் நடந்ததற்கு உரிய மரியாதை கொடுத்தவர் அவர்தான் என்று எனக்குப் பட்டது.

வள்ளுவர் அறத்துப்பாலை ஊழ் என்ற அதிகாரத்தோடு முடிக்கிறார். பிறகு பொருட்பாலில் ஆள்வினையுடைமை என்று தனி அதிகாரமே வைத்து, சோராமல் உழைப்பவன் ஊழையும் புறங்காண்பான் என்கிறார். இரண்டையும் எழுதியது ஒரே கை. மதுரையை எரிக்கும்போது கண்ணகி தீக்கடவுளிடம் முதியோரையும் குழந்தைகளையும் விட்டுவிடச் சொல்கிறாள். கும்பகோணத்துத் தீயிடம் அப்படிச் சொல்ல யாருமில்லை. அங்கே இருந்தது கீற்றுக் கூரையும் சத்துணவு அடுப்பும் நெருக்கடியான படியும். அவற்றையெல்லாம் விதிக்கணக்கில் எழுதிவிட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு நாம் இரண்டாம் முறை துரோகம் செய்தவர்களாவோம். நீதிபதி சம்பத் ஆணையம் விசாரித்ததும், பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் இறக்கப்பட்டதும், காரணம் என்று ஒன்றைக் கேட்டதால் நடந்தவை.

இனிதான் என் வேலை. ஓய்வு பெற்ற தமிழாசிரியை என்பதால், எரிந்த பொருள்களின் பட்டியலை எழுதித் தரும்படி தாளாளர் என்னைக் கேட்டுக்கொண்டார். வழக்கமான தீப் பாலிசியில், தீ விபத்து நடந்து குறித்த நாள்களுக்குள் இழப்பை எழுத்தில் கொடுக்க வேண்டும். பெஞ்ச், டெஸ்க், இரும்பு பீரோ, கம்ப்யூட்டர், ஆர்மோனியம் என்று எழுதிக்கொண்டு வந்தேன். ஆர்மோனியத்தின் துருத்தி கிழிந்து நெடுநாளாகிவிட்டது. இறைவணக்கத்துக்கு அதை யாரும் எடுப்பதில்லை. "பழுதானது" என்று பக்கத்தில் குறித்தேன்.

பள்ளிக் குழுவில் ஒரு பெரியவர். பிள்ளைகளுக்காக உயிரையே கொடுப்பார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் பட்டியலைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "டீச்சர், ஆர்மோனியம் நல்லா இருந்துச்சுன்னு போடுங்க. பெஞ்சு எண்ணிக்கையையும் கொஞ்சம் கூட்டிப் போடுங்க. நம்ம பாக்கெட்டுக்கா போகுது? கூலிக்குப் போறவங்க பிள்ளைங்க உக்கார்றதுக்குத்தானே? நல்லது நடக்கும்னா பொய்யும் மெய்தான்னு வள்ளுவரே சொல்லியிருக்காருங்களே!"

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் சொன்ன குறளைத்தான் நான் வருடக்கணக்காக வகுப்பில் நடத்தினேன். கொலைகாரன் துரத்திவர, ஒருவன் உங்கள் வீட்டில் வந்து ஒளிகிறான், என்ன சொல்வீர்கள் என்று பிள்ளைகளைக் கேட்பேன். "இங்கே வரலைன்னு சொல்வோம் மிஸ்" என்று கத்துவார்கள். சரியான பதில்தான். ஆனால் வள்ளுவர் எந்த நன்மைக்கும் அந்த விலக்கைக் கொடுத்துவிடவில்லை. குற்றம் துளியும் கலவாத நன்மை என்று கட்டி வைத்திருக்கிறார். ஒளிந்தவனைக் காப்பாற்றும் பொய்யில் யாருக்கும் இழப்பில்லை. இல்லாத பெஞ்சுக்குப் பணம் கேட்டால் அது யாரிடமிருந்தோ வருகிறது. யார் அவர்கள்?

கம்பெனி என்று சொல்லிவிட்டால் முகம் தெரியாது. திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர், சிவகாசியில் அச்சகம் நடத்துபவர், கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலைக்காரர், தருமபுரி கடைவீதியில் ஜவுளிக்கடைக்காரர் என்று தீக்குப் பயந்த ஆயிரம் பேர் ஆண்டுதோறும் கட்டும் பிரீமியம்தான் அந்தப் பணம். இஸ்லாமிய அறிஞர்கள் இந்த இடத்தில் ஆழமாக யோசித்திருக்கிறார்கள். தகாஃபுல் என்னும் அவர்களது காப்பீட்டு முறையில், கட்டுகிற தொகை சக உறுப்பினர்களுக்குத் தரும் நன்கொடையாகவே கருதப்படுகிறது. அப்படியொரு நிறுவனம் 1979-லேயே சூடானில் வந்துவிட்டது. நம் பாலிசியில் அப்படி எழுதியிருக்காது. ஆனாலும் என் மனத்துக்கு அது சக மனிதர்கள் தந்த காசுதான்.

பாப்பாரப்பட்டியில் இருப்பவளுக்கு இதை நினைக்கும்போது விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. சிறையில் வந்த தொழுநோயோடு, ரயிலில் ஏறக்கூடாது என்று வெள்ளைக்காரன் தடுத்த பிறகும், நடந்தும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராய்ப் போய்ப் பேசிப் பாரத மாதா ஆலயத்துக்குப் பணம் திரட்டினார். 1923-இல் சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். கோயில் எழும்புமுன் 1925 ஜூலை 23-இல் இந்த ஊரிலேயே சிவா கண்மூடினார். நாற்பது வயது. அந்த ஆலயம் நினைவாலயமாக எழ ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று. ஊர்க்காசு என்பதை அவர் எப்படிக் கையில் வாங்கியிருப்பார் என்று அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் யோசிப்பேன்.

பொய்ப் பட்டியலுக்குச் சாட்சிகளும் உண்டு. எந்த பெஞ்சின் கால் ஆடும், எது ஓரத்தில் உடைந்தது, எத்தனை பேர் தரையில் உட்கார்ந்தோம் என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். ஒரு சிறுமி சர்வேயரிடம் தானாகவே போய், "எங்க கிளாஸ்ல கடைசி வரிசைக்கு பெஞ்சு கிடையாது சார்" என்றாள். நாங்கள் கூட்டி எழுதியிருந்தால் அவளை என்ன செய்திருப்போம்? பேசாதே என்று சைகை காட்டியிருப்போம். அதைக் குற்றமில்லாத நன்மை என்று எந்த வகுப்பில் நின்று நான் சொல்வேன்? அடுத்த குறளிலேயே, அறிந்து சொன்ன பொய்க்குச் சொன்னவரின் நெஞ்சே அவரை எரிக்கும் என்கிறார் வள்ளுவர்.

பெரியவர் விட்டுவிடவில்லை. "அவங்க மட்டும் நியாயமா தர்றாங்களா?" என்றார். அந்தக் கேள்வியில் வலு இருந்தது. பிரீமியத்தைக் குறைக்கக் கட்டடத்தை அதன் மதிப்புக்குக் குறைவாகவே முன்பு காப்பீடு செய்திருந்தார்கள். அப்படிச் செய்தால் இழப்பீடும் அதே விகிதத்தில் குறையும். 20 லட்சம் மதிப்புள்ள கட்டடத்தை 10 லட்சத்துக்குக் காப்பீடு செய்து, 4 லட்சத்துக்கு இழப்பு வந்தால் கையில் வருவது 2 லட்சம்தான். அதிலும் தேய்மானம் கழிப்பார்கள். மிஞ்சிய இரும்புக்கு விலை போட்டு அதையும் கழிப்பார்கள்.

இதற்கெல்லாம் பணிந்து போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இடிபாடுகளை அகற்றும் செலவு, பொறியாளர் கட்டணம் ஆகியவற்றுக்கும் பாலிசியில் இடம் உண்டு. பலர் கேட்பதே இல்லை. நாங்கள் கேட்டோம். சர்வேயர் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கினோம். தேய்மானத்தைக் கூடுதலாகப் போட்டிருந்த இடத்தைச் சுட்டிக் கடிதம் எழுதினோம். நியாயம் கிடைக்காவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவது என்றும் முடிவு செய்தோம். பட்டியலில் ஒரு பொய் இருந்திருந்தால் அந்தக் கடிதத்தை எழுத எனக்குக் கை வந்திருக்காது. கோரிக்கையில் மோசடி இருந்தால் பாலிசியின் முழுப் பலனும் போய்விடும் என்பது நிபந்தனையிலேயே இருக்கிறது. ஆனால் என்னைத் தடுத்தது அந்தப் பயம் இல்லை.

பட்டியலில் வராமலே போனது சேர்க்கைப் பதிவேடு. ஆவணங்களும் கணக்குப் புத்தகங்களும் தனியாகக் குறிப்பிட்டிருந்தாலொழிய இந்தக் காப்பீட்டில் சேராது. கட்டை விரல் அழுந்திய கனத்த பைண்டு, மஞ்சளேறிய தாள், நீல மையில் தகப்பன் பெயரும் பிறந்த தேதியும். இந்த வட்டாரத்தில் எத்தனையோ பாட்டிகளுக்குத் தாங்கள் பிறந்த தேதி என்று ஒன்று இருந்தது அந்தத் தாளில் மட்டும்தான். முதியோர் பென்ஷனுக்கு வயதுச் சான்று கேட்டு அவர்கள் வந்தால் இனி எதைப் புரட்டிக் காட்டுவது? விளிம்பு மட்டும் எரிந்த சில பக்கங்களைப் பீரோவின் அடியிலிருந்து எடுத்து, ஈரம் காயவைத்து, புரிகிற பெயர்களைப் புது நோட்டில் எடுத்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இழப்பீடு நாங்கள் கேட்டதற்குக் குறைவாகத்தான் வந்தது. கூரைக்கு ஆயிற்று, பெஞ்சுக்குப் பழைய மாணவர்களிடம் கேட்டிருக்கிறோம். பெரியவர் நான் பெயர்களை எழுதிவரும் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறார். "நான் சொன்னபடி போட்டிருந்தா இந்த அலைச்சல் இல்ல டீச்சர்" என்று போன வாரம்கூடச் சொன்னார். குறளைப் பற்றிய எங்கள் வழக்கு இன்னும் தீரவில்லை.