ஒரு குறி பொருந்தாவிட்டால்

காட்டுக் காளான் பறிப்பவர்களுக்கு ஒரு விதி உண்டு. ஒரு காளானை உண்ணலாம் என்று சொல்ல எல்லாக் குறிகளும் பொருந்த வேண்டும். வேண்டாம் என்று சொல்ல ஒரு குறி பொருந்தாமல் போனால் போதும். குடையின் நிறமும் வடிவமும், குடைக்கு அடியிலுள்ள மடிப்புகள் தண்டைத் தொடுகின்றனவா, தண்டில் வளையம் உண்டா, மண்ணுக்குள் புதைந்திருக்கும் அடிப்பகுதி எப்படி இருக்கிறது, எந்த மரத்தின் கீழ் முளைத்தது, எந்தப் பருவத்தில் முளைத்தது, என்ன வாசனை, வித்துத்தூள் என்ன நிறம் என்று எட்டு ஒன்பது குறிகளைப் பார்க்கிறார்கள். ஏழு பொருந்தி எட்டாவது முரண்பட்டால் காளான் கூடைக்குள் போகாது. அந்த முரணுக்கு விளக்கம் தேவையில்லை. பறிக்காமல் விட்டவளிடம் ‘ஏன் விட்டாய், நிரூபி’ என்று யாரும் கேட்பதில்லை.

இதை உயிரியல் பாடமாகப் படித்துக் கடந்துவிடலாம். எனக்கு இது ஓர் அறக்கேள்வியாகப் படுகிறது. ‘ஆம்’ என்பதற்கு எவ்வளவு சான்று வேண்டும், ‘வேண்டாம்’ என்பதற்கு எவ்வளவு வேண்டும்? தவறினால் யாருடைய உடல் விலை கொடுக்கும் என்பதை வைத்தே காளான் பறிப்பவர்கள் இதற்கு விடை கண்டிருக்கிறார்கள். தவறான ‘வேண்டாம்’ ஒரு வேளைக் குழம்பைப் பறிக்கும். தவறான ‘ஆம்’ உயிரைப் பறிக்கும். எடை வேறான இரண்டு தவறுகளுக்கும் ஒரே அளவு சான்று கேட்பது நியாயமாகாது.

வைக்கோல் காளானை எடுத்துக்கொள்வோம். நம் ஊரிலும் தென்கிழக்கு ஆசியா முழுவதிலும் விரும்பி உண்ணப்படுவது. மொட்டாக இருக்கும்போது ஒரு சவ்வுறைக்குள் முட்டைபோல் மூடியிருக்கும். விரிந்த பிறகு அந்த உறை தண்டின் அடியில் கிண்ணமாக நிற்கும். ஐரோப்பியக் காடுகளைச் சேர்ந்த அமானிட்டா ஃபல்லாய்டிஸ் என்ற கொடிய காளானும் அதே போன்ற உறைக்குள்தான் பிறக்கிறது. ‘டெத் கேப்’ என்பது அதன் புழக்கப் பெயர். உலகில் காளான் நஞ்சால் நிகழும் மரணங்களில் பெரும்பங்கு அதனுடையது. ஓக் போன்ற மரங்களை ஐரோப்பியர்கள் கொண்டுசென்றபோது அவற்றின் வேரோடு ஆஸ்திரேலியாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் அது போய்ச் சேர்ந்தது. அந்த நாடுகளில் குடியேறிய ஆசியர்களில் சிலர் ஊரில் தின்று பழகிய காளான் என்று நினைத்து அதைச் சமைத்து இறந்திருக்கிறார்கள். அவர்களை அறியாதவர்கள் என்று சொல்ல முடியாது. அவர்களுடைய அறிவு வேறொரு மண்ணில் விளைந்தது. அந்த மண்ணில் கேட்கத் தேவைப்படாத கேள்வியைப் புதிய மண்ணில் கேட்க அவர்களுக்குத் தோன்றவில்லை.

இரண்டையும் பிரித்துக் காட்டும் குறிகள் மறைவானவை. விரிந்த குடையைத் தண்டிலிருந்து நறுக்கிக் காகிதத்தின் மேல் கவிழ்த்து, கிண்ணத்தால் மூடி இரவு முழுக்க வைத்தால் வித்துத்தூள் படியும். வைக்கோல் காளானுக்கு இளஞ்சிவப்பு, அமானிட்டாவுக்கு வெள்ளை. மொட்டாக இருந்தால் இந்தச் சோதனையும் கைகொடுக்காது. கத்தியால் தண்டை அறுத்து எடுத்தால் அடிக்கிண்ணம் மண்ணிலேயே தங்கிவிடும். முக்கியமான சான்று புதைந்தே போகும். நஞ்சு சமைத்தாலும் காயவைத்தாலும் அழியாது. உண்டு பிழைத்தவர்கள் அது ருசியாக இருந்ததாகவே சொல்லியிருக்கிறார்கள். ஆறு மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூட எதுவும் தெரியாது. பிறகு வாந்தியும் வயிற்றுப்போக்கும். அதன்பின் உடல் தேறிவிட்டதுபோல் ஓர் இடைவெளி. ஈரல் அழிந்துகொண்டிருப்பது அந்த இடைவெளியில்தான்.

இத்தனை மறைவுக்கு முன்னால் மனிதர்கள் குறுக்குவழி தேடியிருக்கிறார்கள். வெள்ளிக் காசைப் போட்டுக் கொதிக்கவைத்துக் காசு கறுக்காவிட்டால் நல்ல காளான். பூச்சி அரித்திருந்தால் நல்ல காளான். வெள்ளையாக இருந்தால் நல்ல காளான். நன்றாக வேகவைத்துவிட்டால் எதுவும் செய்யாது. பல நாடுகளில் பல வடிவங்களில் இந்த நம்பிக்கைகள் உண்டு. அத்தனையும் பொய். நத்தையும் புழுவும் தின்ற அமானிட்டா மனிதரைக் கொல்லும். இந்தச் சோதனைகளுக்கெல்லாம் பொதுவான குணம், ஒரே ஒரு குறியை வைத்து ‘ஆம்’ சொல்லிவிடத் துடிப்பது.

அந்தத் துடிப்பு நமக்குப் பழக்கமானது. பெண்ணுக்கு வரன் பார்க்கும் வீடுகளில் வெள்ளிக் காசுகளுக்குப் பஞ்சமில்லை. நல்ல குடும்பம், அரசு வேலை, குடிப்பழக்கம் கிடையாது, ஜாதகத்தில் பத்துக்கு எட்டுப் பொருத்தம். இவற்றில் ஒன்றிரண்டு அமைந்தாலே ‘ஆம்’ முடிவாகிவிடும். அதே பெண் ‘வேண்டாம்’ என்றால் விசாரணை தொடங்கும். என் வகுப்புப் பெண்கள் இந்த விசாரணையை வேறு வேறு சொற்களில் சொல்லியிருக்கிறார்கள். “என்னமோ சரியாப் படல மேம். அதச் சொன்னா, இதெல்லாம் ஒரு காரணமான்னு கேக்குறாங்க” என்றாள் ஒருத்தி. அவள் கண்டது ஒரு குறி. பெண் பார்க்க வந்தபின் ஒருநாள் இரு வீட்டாரும் ஹோட்டலில் சாப்பிட்டபோது, தண்ணீர் கொண்டுவந்த பையனிடம் அவன் பேசிய விதம். அதை ஒரு குறியாக ஏற்கும் மொழி அவள் வீட்டில் இல்லை. எட்டுப் பொருத்தம் இருக்கிறதே என்றார்கள்.

திருமணத்தோடு இது முடிவதில்லை. மேலதிகாரியின் காரில் ஏற மறுத்தவளிடமும், நீதிமன்றக் கூண்டில் நிற்பவளிடமும் ‘வேண்டாம்’ என்பதற்கே சான்று கேட்கப்படுகிறது. எப்போது சொன்னாய், எவ்வளவு உரக்கச் சொன்னாய், முதல் நாளே ஏன் சொல்லவில்லை. அவளுடைய ‘ஆம்’ மட்டும் அவள் மௌனத்திலிருந்துகூட எடுத்துக்கொள்ளப்படுகிறது. தவறினால் விலை கொடுக்கப்போவது அவள் உடல். சான்று கேட்பவர்களின் உடல் பாதுகாப்பாக இருக்கிறது.

சான்றுகளைக் கைநிறைய வைத்துக்கொண்டு ஒரு பெண் ‘ஆம், இது இப்படித்தான்’ என்று சொன்னபோதும் கேட்க ஆளில்லாமல் போயிருக்கிறது. முயல்குட்டிக் கதைகளால் பின்னாளில் புகழ்பெற்ற பீட்ரிக்ஸ் பாட்டர், அதற்கு முன் காளான்களை நூற்றுக்கணக்கில் வரைந்தவர். வித்துகளை முளைக்கவைத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தவர். வித்து முளைப்பது பற்றி அவர் எழுதிய கட்டுரை 1897 ஏப்ரல் 1 அன்று லண்டன் லின்னேயன் சங்கத்தின் கூட்டத்துக்குப் போனது. அங்கே பெண்களுக்கு அனுமதி இல்லாததால் கியூ தோட்டத்தின் ஜார்ஜ் மாசே அதை முன்வைத்தார். அச்சேறாத அந்தக் கட்டுரை இன்று கிடைக்கவில்லை. நூறாண்டு கழித்து, 1997இல், அவரை நடத்திய விதம் தவறு என்று அச்சங்கம் ஒப்புக்கொண்டது. பெண்ணின் மறுப்புக்குக் காரணம் போதாது. பெண்ணின் உறுதிக்குச் சான்று போதாது. இரண்டு பக்கமும் தராசு அவளுக்கு எதிராகவே சாய்கிறது.

ஒரு தோழி இங்கே குறுக்கிட்டுக் கேட்கக்கூடும். எதையும் சந்தேகி, பொருந்தாவிட்டால் விலகு என்பது நம் வீடுகள் காலங்காலமாகப் பெண்களுக்குச் சொல்லிவரும் அச்சம்தானே? நியாயமான கேள்வி. ஆனால் வீடு சொல்வது ‘காட்டுக்கே போகாதே’ என்று. ஜார்க்கண்டிலும் சத்தீஸ்கரிலும் மழை தொடங்கியதும் பழங்குடிப் பெண்கள் குச்சியோடு சால் மரக் காடுகளுக்குள் போகிறார்கள். மண்ணுக்குள் உருண்டையாக விளையும் ஒரு காளானைக் கிளறி எடுக்கிறார்கள். ஜார்க்கண்டில் அது ருக்ரா, பஸ்தரில் போடா. பருவத் தொடக்கத்தில் ஆட்டிறைச்சியைவிடக் கூடுதலான விலைக்குப் போவதுண்டு. எந்த மரத்தடி, எந்த மழை, எந்த மண்வெடிப்பு, உள்ளே வெள்ளையா கறுப்பா என்று அவர்கள் பார்க்கிறார்கள். ஐயம் அவர்களை வீட்டில் உட்காரவைக்கவில்லை, காட்டுக்குள் நடக்கவைத்திருக்கிறது. நம்மீது ஏற்றப்பட்ட ஐயம் ‘உனக்கென்ன தெரியும்’ என்று நம் கண்ணையே பொய்யாக்குவது. காளான் பறிப்பவளின் ஐயம் காளானின் மீதானது. அது அவள் கண்ணை நம்புவதிலிருந்து தொடங்குகிறது.

இந்த ஒப்புமைக்கு எல்லை உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். காளானுக்கு நோக்கம் கிடையாது; அது திருந்தாது, மன்னிப்புக் கேட்காது. மனிதர் மாறக்கூடியவர். ஒரு கடுஞ்சொல்லை வைத்து ஒருவரை நஞ்சு என்று முத்திரை குத்துவது அறமாகாது. விதி அதைக் கோரவும் இல்லை. விட்டுச் செல்லப்பட்ட காளானை நஞ்சு என்று யாரும் தீர்ப்பளிப்பதில்லை, மிதித்து நசுக்குவதும் இல்லை. ‘இதை நான் உண்ணமாட்டேன்’ என்பதோடு விதி நின்றுவிடுகிறது. விலகுவது வேறு, குற்றம் சாட்டுவது வேறு. குற்றம் சாட்டச் சான்று வேண்டும், விலக வேண்டியதில்லை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, ‘அப்படியானால் அவனைக் கெட்டவன் என்கிறாயா’ என்று கேட்கும்போதுதான் பெண் வாயடைத்துப் போகிறாள்.

இன்னொரு சிக்கல் இதைவிடக் கடினமானது. விதி சொல்லாமல் விட்ட நிபந்தனை ஒன்று இருக்கிறது: விலகுவதற்கு வீட்டில் வேறு உணவு இருக்க வேண்டும். சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் காட்டும் அடுக்களையை எண்ணிப் பாருங்கள். கறையான் அரித்த சுவரின் புழுதியில் காளான் பூத்திருக்கிறது. அங்கே காளான் உணவாக வரவில்லை, பசியின் அடையாளமாக வருகிறது. புறநானூற்றின் 164ஆம் பாட்டில் பெருந்தலைச் சாத்தனாரும் சமையல் மறந்த அடுப்பில் அதைப் பூக்கவைக்கிறார். நத்தத்தனாரின் கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி, உப்பில்லாமல் வேகவைத்து, பிறர் பார்வைக்கு நாணிக் கதவடைத்துச் சுற்றத்தோடு உண்கிறாள். எதைக் கிள்ளலாம் என்பது அவளுக்குத் தெரியும். கிள்ளாமல் இருக்கும் உரிமை அவளுக்கு இல்லை.

2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக் காளானை உண்டு சில நாட்களுக்குள் 13 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தேயிலைத் தோட்டங்களைச் சேர்ந்தவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சோட்டா நாக்பூர் போன்ற பகுதிகளிலிருந்து கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த சமூகம் அது. அப்போது பிரம்மபுத்திரா பள்ளத்தாக்குத் தோட்டங்களில் நாட்கூலி 205 ரூபாய். இத்தகைய மரணங்களை அறியாமை என்று எழுதிக் கடப்பது எளிது. சமைத்தவள் சரியாகப் பார்த்திருக்க வேண்டும் என்று சொல்வது இன்னும் எளிது. எட்டாவது குறியைச் சரிபார்க்கும் நிதானமும், சந்தேகம் வந்தால் கொட்டிவிடும் துணிவும் நிறைந்த பானையிலிருந்து வருபவை. கூலியைத் தீர்மானித்தவர்களைக் கேட்காமல் அடுப்படியில் நின்றவளை மட்டும் கேட்பது, சான்றின் சுமையை மறுபடியும் அவள் தலையிலேயே ஏற்றுவதாகும்.

நம் வகுப்பறைகளிலும் இதுவே பொருந்தும். ‘ஒரு குறி பொருந்தாவிட்டால் விலகு, காரணம் சொல்லத் தேவையில்லை’ என்று மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம், சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் விலகிய பிறகு அவள் எங்கே போவாள்? அன்றிரவு தங்க ஓர் அறை, படிப்பை முடிக்கக் கட்டணம், தன் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு, கேள்வி கேட்காமல் சோறு போடும் ஒரு வீடு. இவை இல்லாதவளிடம் விதியை மட்டும் கொடுத்துவிட்டு, பின்னால் ‘உனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா’ என்று கேட்க நமக்கு உரிமை இல்லை. அவள் ‘வேண்டாம்’ என்று சொல்லும்போது காரணம் கேட்காமல் இருப்பது நம் கடமையின் முதல் பாதி. சொல்லிவிட்டு வந்தவளுக்குக் கதவு திறந்திருக்கும்படி பார்த்துக்கொள்வது மறு பாதி.