சேம அச்சு

பந்தயம் எவ்விடத்தில் தொடங்குகிறது? ஓடுகளத்தில் பச்சைக் கொடி வீசப்படும் இடத்தில் என்பர் பார்வையாளர். வீட்டுக் கொட்டகையில் தம் கையாலேயே செப்பனிட்ட காரைத் தம் சொந்த வண்டியின் பின்னால் பூட்டி, இரவும் பகலும் இழுத்துச் செல்கின்ற அமெச்சூர் வீரருக்கோ பந்தயம் வீட்டு வாயிலிலேயே தொடங்கிவிடுகிறது. அவர்களுள் சிலருக்கு அது நெடுஞ்சாலையின் ஓரத்திலேயே முடிந்தும் போகிறது. டயர் வெடித்தோ, சக்கரம் கழன்றோ, கியர்பெட்டி சூடேறிப் பழுதுற்றோ, களத்தைக் கண்ணாலும் காணாமல் திரும்புகின்ற அவர்களைக் குறித்து எழும் வினா ஒன்று உண்டு. வழியில் நின்றுவிட்டவர் நற்பேறு இல்லாதவரா? அன்றிப் பழிக்கு உரியவரா? இது வண்டி பற்றிய வினாவாகத் தோன்றினும், உண்மையில் மனிதச் செயல் அனைத்தையும் பற்றிய வினாவே ஆகும்.

அமெரிக்காவில் 1944ஆம் ஆண்டில் தோன்றிய ‘ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆப் அமெரிக்கா’ என்னும் கழகம், அமெச்சூர் வீரர்களுக்கான தேசிய இறுதிப் போட்டியை 1964இல் கலிபோர்னியாவின் ரிவர்சைட் களத்தில் தொடங்கியது. பின்னர் ‘ரன்ஆப்ஸ்’ எனப் பெயர் பெற்ற அப்போட்டிக்கு, 1970 முதல் 1993 வரை ஜார்ஜியா மாநிலத்தின் ரோடு அட்லாண்டாவும், 1994 முதல் 2005 வரை மிட்-ஒகாயோவும் களங்களாக விளங்கின. 2014இல் அது கலிபோர்னியாவின் லகூனா செக்காவில் நடைபெற்றது. பாஸ்டன் போன்ற கிழக்குக் கரை நகரிலிருந்து அங்குச் செல்ல, ஒரு வழிக்கே ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர் இழுத்தாக வேண்டும். மலையும் பாலையும் சமவெளியும் கடந்து செல்லும் பயணம் அது.

இத்தனை தொலைவு சென்று வெல்வோர்க்குக் கிடைப்பது ஒரு பொற்பதக்கம். அதனால் செல்வம் சேர்ந்துவிடுவதில்லை. புகழ்பெற்ற திரைப்பட நடிகர் பால் நியூமன் 1976இல் ரோடு அட்லாண்டாவில் ஒரு பிரிவில் வாகை சூடினார். எனினும் இக்களங்களுக்கு வருவோரிற் பெரும்பாலோர் வார நாள்களில் வேறு தொழில் செய்து, மிச்சம் பிடித்த பணத்தை இதில் இடுவோரே. வோக்ஸ்வேகன் பீட்டில் காரின் உறுப்புகளைக் கொண்டு அமைக்கப்படும் ‘பார்முலா வீ’ போன்ற எளிய வகைகளும் இப்போட்டியில் இடம் பெற்றிருப்பது அதற்குச் சான்றாகும். ஓராண்டு உழைப்பையும் சேமிப்பையும் இரு சக்கரங்களின்மீதோ நான்கு சக்கரங்களின்மீதோ ஏற்றிக்கொண்டு அவர்கள் புறப்படுகின்றனர். எனவே வழியில் நேரும் பழுது அவர்களுக்குச் சிறு தொல்லை அன்று. ஓராண்டு வாழ்வின் இழப்பாகும்.

இழப்பின் காரணங்களை ஆராய்ந்தால் ஓர் உண்மை புலப்படும். பந்தயக் காருக்கு நடக்கும் பணிவிடை மிகப் பெரிது. அதன் ஒவ்வொரு திருகும் சரிபார்க்கப்படும். ஒவ்வோர் ஓட்டத்திற்குப் பின்னும் எண்ணெயின் நிறம் நோக்கப்படும். அதனைச் சுமந்து செல்லும் டிரெய்லரோ மாதக் கணக்கில் வெயிலிலும் மழையிலும் புல் மண்டக் கிடக்கும். டயரின் மேற்பரப்பு தேயாமல் இருப்பதைக் கண்டு, ‘நன்றாகத்தானே இருக்கிறது’ என்று உரிமையாளர் நிறைவு கொள்வார். ஆனால் ஓடாத டயரும் மூப்படைகிறது. காற்றும் வெயிலும் ரப்பரை உள்ளுக்குள் வறளச் செய்கின்றன. காற்றழுத்தம் குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் வளைந்து நிமிர்ந்து சூடேறுகிறது. சுமையும் வெயிலும் வேகமும் கூடும்போது அதன் மேற்பட்டை உரிந்து போகிறது. ஈரச்சு டிரெய்லரில் ஒரு டயர் வெடித்தால், அதன் சுமை அருகிலுள்ள டயரின்மேல் விழுகிறது. சிறிது தொலைவில் அதுவும் வெடிக்கலாம்.

சக்கரத்தைத் தாங்கும் பேரிங்கின் கதையும் இத்தகையதே. கிரீஸ் வறண்டு, ஈரம் புகுந்து, உருளைகள் உரசிச் சூடேறி இறுகும்போது, சக்கரம் குடத்தோடு கழன்று ஓடுவதும் உண்டு. வண்டியை நிறுத்தும் இடந்தோறும் குடத்தின்மேல் கையை வைத்துப் பார்ப்பவர், நான்கில் ஒன்று மட்டும் மிகுதியாகச் சுடுவதை உணர்ந்து முன்னரே தப்பிக்கலாம். அதற்கு வேண்டுவது அரை நிமிடமே. இழுக்கும் வண்டியின் தானியங்கிக் கியர்பெட்டியோ நெடிய மலையேற்றத்தில் எண்ணெய் அளவுகடந்து சூடேறுவதால் கெடுகிறது. டிரெய்லரின் மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு கொக்கியின்மேல் அமைய வேண்டும் என்பது பொது விதி. காரைச் சற்றுப் பின்தள்ளி ஏற்றிவிட்டால் அந்தப் பங்கு குறைந்து, டிரெய்லர் பாம்பு போல் நெளியத் தொடங்கும். இவற்றுள் எதுவும் மறைபொருள் அன்று. யாவும் முன்னரே அறியத்தக்கவை.

இனி இரு வீரர்களை எண்ணிப் பார்க்கலாம். இருவரும் ஒரே அளவு மூப்படைந்த டயர்களோடு, அவற்றின் மூப்பை அறிந்தே புறப்படுகின்றனர். ஒருவருடைய டயர் தாங்குகிறது; அவர் களம் சேர்ந்து பதக்கமும் பெறுகிறார். மற்றவருடைய டயர் வெடிக்கிறது. உலகம் முன்னவரைத் ‘திறமையாளர்’ என்கிறது. பின்னவரை ‘அசட்டை மனிதர்’ என்கிறது. அவர்கள் செய்த செயலிலோ வேறுபாடு எள்ளளவும் இல்லை. மூன்றாமவர் ஒருவரும் உண்டு. அவர் டயரை மாற்றினார், கிரீஸ் இட்டார், எடையை அளந்தார். ஆயினும் சாலையில் கிடந்த இரும்புத் துண்டொன்று அவர் பயணத்தை முடித்துவிட்டது. உலகின் கணக்கில் அவரும் ‘வராதவர்’ பட்டியலிலேயே சேர்கிறார்.

இச்சிக்கலை மேலைநாட்டு அறிஞரும் ஆராய்ந்துள்ளனர். ஜெர்மானிய மெய்ப்பொருளியலார் இம்மானுவேல் காண்ட் 1785இல் வெளியிட்ட நூலில், நல்லெண்ணம் பயன் தராவிடினும் மணிபோல் தானே ஒளிர்வது என்றார். பயன் அதன் மதிப்பைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. 1976இல் பெர்னார்டு வில்லியம்ஸ், தாமஸ் நேகல் ஆகிய இருவரும் இக்கருத்தை மறு ஆய்வுக்கு உட்படுத்தினர். நேகல் காட்டிய சான்றுகளுள் ஒன்று லாரி ஓட்டுநரைப் பற்றியது. பிரேக்கைச் சோதிக்கத் தவறிய ஓட்டுநரின் முன்னால் ஒரு குழந்தை ஓடி வந்தால் அவர் பெரும்பழி சுமக்கிறார். குழந்தை வராவிடில் அவர் தவறு யாருக்கும் தெரியாமலே போகிறது. தவறு ஒன்றே, பழி மட்டும் இரண்டு அளவினது. மனிதர் தம் ஆளுகைக்கு அப்பாற்பட்டவற்றைக் கொண்டும் பிறரை மதிப்பிடுகின்றனர் என்பதை நேகல் எடுத்துக்காட்டினார். அவ்வழக்கம் முறையற்றதாகத் தோன்றினும் அதனை விட்டொழிப்பது எளிதன்று என்பதும் அவர் கண்ட முடிவு.

இவ்வினாவுக்குத் தமிழ் மரபு தரும் விடை தெளிவானது. வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். பின்னதில் அவர் கூறும் கருத்து இவ்விடத்துக்கு மிகவும் பொருந்தும். பொறி இல்லாமை எவர்க்கும் பழி ஆகாது. அறிய வேண்டியவற்றை அறிந்து முயலாமையே பழி என்பது அவர் தீர்ப்பு. ‘பொறி’ என்னும் சொல்லுக்கு விதி என்று பரிமேலழகர் பொருள் கண்டார். உடலுறுப்பு என்று கொள்வாரும் உளர். இக்காலத் தமிழிலோ அச்சொல் இயந்திரத்தையும் குறிக்கிறது. எப்பொருளில் எடுத்துக்கொண்டாலும் தீர்ப்பு மாறுவதில்லை. பொறி கைவிட்டது பழி அன்று. அறிந்திருந்தும் பேணாது விட்டதே பழி. அத்தீர்ப்பின்படி, இரும்புத் துண்டினால் நின்ற மூன்றாமவர் பழியற்றவர். மூப்படைந்த டயரோடு வென்று திரும்பியவரோ, கழுத்தில் பதக்கம் இருப்பினும், பழியிலிருந்து நீங்கியவர் அல்லர். அவர் ஓட்டிய அதே சாலையில் பிறர் குடும்பங்களும் சென்றன என்பதை எண்ணினால் இது விளங்கும்.

வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வண்டியின் அச்சையே வள்ளுவர் சான்றாக்கினார். ஏற்றுவது மயிலிறகே ஆயினும் அளவு மீறினால் அச்சு முறியும் என்பது அவர் கண்ட உண்மை. இழுவைப் பயணத்தின் பெரும்பாலான பழுதுகள் இவ்வகையினவே. ‘இன்னும் ஒரு டயர்தானே’, ‘இன்னும் ஒரு கருவிப் பெட்டிதானே’, ‘இன்னும் நூறு கிலோமீட்டர்தானே’ என்று சேர்க்கப்படும் ஒவ்வொன்றும் மயிலிறகு. எந்த இறகு அச்சை முறித்தது என்று எவராலும் சுட்டிக்காட்ட இயலாது. ஆகவே எவரும் எந்த இறகுக்கும் பொறுப்பு ஏற்பதில்லை. ‘என் நேரம்’ என்று ஊழின்மேல் சுமத்திவிடுகின்றனர்.

அவ்வாறாயின் அறிந்து முயல்வதற்கு எல்லை எது? புறநானூற்றில் அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஒளவையார் பாடிய பாட்டு ஒன்று இதற்கு வழிகாட்டுகிறது. உப்பு வணிகராகிய உமணர், நுகம் அறியா இளைய எருதுகளைப் பூட்டி, பண்டம் மிகுதியாக ஏற்றிச் செல்கின்றனர். மேட்டில் ஏறும்போதும் பள்ளத்தில் இறங்கும்போதும் என்ன நேருமோ என்பதை அறிந்தவர் யார்? ஆகவே வண்டியின் அடியில் மற்றோர் அச்சையும் கட்டிக்கொண்டனர். அதுவே சேம அச்சு. பொகுட்டெழினி அந்தச் சேம அச்சுப் போன்றவன் என்று ஒளவையார் புகழ்ந்தார். உமணர் ஊழை மறுக்கவில்லை. அதனை எண்ணி வீட்டிலேயே அமர்ந்துவிடவும் இல்லை. அறிய இயலாதது ஒன்று உண்டு என்பதை அறிந்து, அதற்கும் ஓர் இடத்தை வண்டியிலேயே ஒதுக்கினர். இதுவே அறிவுடைய முயற்சியின் முழு வடிவம். இக்கால வீரர் எடுத்துச் செல்லும் மாற்று டயரும், கிரீஸ் இட்ட மாற்றுப் பேரிங்கும் அன்றைய உமணரின் மரபில் வந்தவையே.

ஒளவையாரின் உவமையில் வேறொரு நுட்பமும் உண்டு. சேம அச்சு வண்டியின் அடியில், கண்ணுக்குப் புலப்படாத இடத்தில் கிடப்பது. அதனை ஓர் இளவரசனுக்கு உவமையாக்கத் துணிந்தது பெரிய மனம். பொதுவாக உலகம் சுமக்கப்படுவதைப் போற்றுகிறது, சுமப்பதை மறக்கிறது. பந்தயக் கார் மெருகேற்றப்பட, டிரெய்லர் துருப்பிடித்துக் கிடப்பது அந்த மறதியின் விளைவு. மாணவனின் மதிப்பெண்ணைப் பாராட்டும் வீடு, அவனுடைய உறக்கத்தையும் உடல்நலத்தையும் கவனியாது விடுவதும் அதே மறதிதான். குறிக்கோளின்மீது அன்பு கொண்டோர், அதனைச் சுமந்து செல்லும் எளிய பொருள்மீதும் அதே அன்பைச் செலுத்தக் கடமைப்பட்டவர். ஊர்தியைப் புறக்கணித்தவர் குறிக்கோளையும் அரைமனத்தோடுதான் விரும்பினார் என்று கொள்வதில் தவறில்லை.

எஞ்சியிருப்பது, களத்தை நோக்கிச் செல்லும் மற்றொரு வீரரின் கடமை. சாலையோரத்தில் தம் போட்டியாளரின் வண்டி நிற்பதை அவர் காண்கிறார். நின்று உதவினால் நேரம் போகும். உதவாவிடில் ஒரு போட்டியாளர் குறைவார். ‘பேணாதவர் துன்புறுகிறார், அதற்கு நான் என்ன செய்வது?’ என்று அவர் தம் மனத்துக்கு விடை சொல்லிக்கொள்ளலாம். இவ்விடையில் இரு குறைகள் உள. முதலாவது, நின்றவர் பேணாதவரா, பேணியும் பேறு இழந்தவரா என்பது விரைந்து செல்லும் வண்டியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. இரண்டாவது, தம் டயர் இதுவரை தாங்கியது முழுவதும் தம் முயற்சியால் என்று அவரால் கூற இயலாது. அந்த இரும்புத் துண்டு அவருடைய சக்கரத்தின் கீழும் கிடந்திருக்கலாம். பேற்றினால் பெற்றதில் ஒரு பங்கைப் பேறு இழந்தவருக்குத் தருவது கொடை அன்று, கடனைத் தீர்ப்பதாகும்.

நின்றவர் உண்மையிலேயே பேணாதவராக இருப்பினும் இக்கடமை மறைவதில்லை. பழி என்பது ஒரு கணக்கு. உதவி என்பது வேறொரு கணக்கு. மாணவனின் பிழையைச் சுட்டும் ஆசிரியர், பிழை செய்தான் என்பதற்காகப் பாடம் சொல்வதை நிறுத்துவதில்லை. அமெச்சூர் பந்தய உலகில், முதல் நாள் தம்மை முந்தியவருக்கே மறுநாள் உதிரி உறுப்பைக் கடன் கொடுத்து, அவர் கார் ஓட வழி செய்யும் பழக்கம் நெடுங்காலமாக உண்டு. எதிரி இல்லாத களத்தில் பெறும் வெற்றி சுவையற்றது என்பதை அவ்வீரர்கள் அறிவர். உதவிக்கும் அளவு உண்டு. தம்மோடு வருவோரின் உழைப்பைப் பாழாக்கி உதவ வேண்டும் என்று அறம் கட்டளையிடவில்லை. ஆனால் வண்டியின் வேகத்தைக் குறைத்து, ‘என்ன வேண்டும்?’ என்று கேட்பதற்கு ஆகும் காலம் எவருடைய பந்தயத்தையும் கெடுத்துவிடாது.

எனவே வழியில் நின்றவரைக் குறித்து உலகம் கேட்க வேண்டிய வினா, ‘சேர்ந்தாரா?’ என்பதன்று; ‘பேணினாரா?’ என்பதே. அவ்வினாவைச் சேர்ந்தவரிடமும் கேட்டாக வேண்டும். தேர்வு முடிவும் தேர்தல் முடிவும் வணிகக் கணக்கும் மனிதரை அளக்கும் கோல்களாகிவிட்ட காலத்தில், இளையோருக்குக் கற்பிக்கத் தக்க பாடம் இது: புறப்படும் முன் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தல் வேண்டும், அடியில் ஒரு சேம அச்சைக் கட்டிக்கொள்ளல் வேண்டும், வழியில் பிறர் அச்சு முறிந்து நிற்கக் கண்டால், அதனை அவிழ்த்துக் கொடுக்கவும் மனம் வேண்டும்.